ரோஸி காணாமல் போகவில்லை

மலையாளத் திரையின் முதல் நாயகி பி.கே. ரோஸியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கடைசியில் ஒரே சொல்லில் வந்து நிற்கிறார்கள்: 'காணாமல் போனார்'. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவர் காணாமல் போகவில்லை, துரத்தியடிக்கப்பட்டார். துரத்தியவர்களுக்கு ஊர் இருந்தது, சாதி இருந்தது.

திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பத்தில் ராஜம்மாவாகப் பிறந்தவர். புல்லறுத்துப் பிழைத்துக்கொண்டே, தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஜே.சி. டேனியல் தன் 'விகதகுமாரன்' மௌனப்படத்துக்கு அவரை அழைத்து வந்தார். டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர், சொத்தை விற்றுப் படமெடுத்தவர். கொடுத்த வேடம், சரோஜினி என்ற நாயர் பெண்.

கேப்பிடல் தியேட்டரில் படம் திரையேறியது. நாயகனாக நடித்த டேனியல், நாயகியின் கூந்தலில் இருக்கும் பூவை எடுத்து முத்தமிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. படத்தில் பேச்சில்லை, பாட்டில்லை. ஒரு பூ. புலையப் பெண் நாயர் பெண்ணாக வருவதா என்று கொதித்துப்போய்த் திரையின் மீது கல்லெறிந்தார்கள். தான் நடித்த படத்தைப் பார்க்க ரோஸிக்கு அந்த அரங்கில் இடம் கிடையாது. கல்லெறிந்தும் ஆத்திரம் தீராமல் அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். நாகர்கோவில் நோக்கிப் போன லாரி ஒன்றில் ஏறி உயிர் தப்பினார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்துகொண்டு, ராஜம்மாளாகத் தமிழ்நாட்டில் வாழ்ந்து முடித்தார். அதன் பிறகு அவர் கேமரா முன் நிற்கவே இல்லை. முதல் படமே கடைசிப் படமும் ஆயிற்று.

'விகதகுமாரன்' என்றால் தொலைந்துபோன பிள்ளை என்று பொருள். அந்தப் படச்சுருளும் இன்று இல்லை. டேனியலின் மகன் சிறுவயதில் விவரம் தெரியாமல் கொளுத்திவிட்டார். அதை விளையாட்டுப் பிள்ளை செய்தது என்று விட்டுவிடலாம். ரோஸியின் வீட்டுக்குத் தீ வைத்தவர்கள் பிள்ளைகள் இல்லை.

டேனியல் 1975இல் வறுமையில் இறந்தார். 1992இல் கேரள அரசு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது. தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம். ரோஸிக்கு? 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தபோதுதான் நம்மில் பலர் அவர் பெயரையே முதன்முறையாகக் கேள்விப்பட்டோம். அடைக்கலம் தந்த மண் நம்முடையது. நாகர்கோவிலில் ஒரு தெருவுக்கோ ஓர் அரங்கத்துக்கோ அவர் பெயரை வைக்கலாம். ராஜம்மாள் என்று வேண்டாம், ரோஸி என்றே வைக்க வேண்டும். பறிக்கப்பட்டது அந்தப் பெயர்தான்.