கிரேக்கத்தின் மேல் பழி போடாதீர்கள், ஐயா!

"மூல பாஷையில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா?" என்று பிரசங்கியார் குரலை உயர்த்தினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. புதிய ஏற்பாட்டின் மூல பாஷையான கிரேக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாதவர்கள், கைபேசிச் செயலியில் ஒரு சொல்லைத் தட்டி, வருகிற அர்த்தத்தையெல்லாம் சபையார் தலையில் கொட்டுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரசங்கியாரிடம் அகப்பட்டது 'த்னேட்டோஸ்'. ரோமர் 6:12-இல் வரும் 'சாவுக்கேதுவான சரீரம்' என்பதில், 'சாவுக்கேதுவான' என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல் அது. "ஏது என்றால் காரணம். உங்கள் உடம்பே உங்களைக் கொல்லும் விஷம். கிரேக்கத்திலும் அதுதான்!" என்றார். ஆமென் முழக்கம் கூரையைப் பிளந்தது.

கிரேக்கத்தில் அது இல்லவே இல்லை. சாவதைக் குறிக்கும் 'த்னேஸ்கோ' என்ற வினையோடு பிறந்த பெயரடை அது. சாகக்கூடியது, சாவுக்கு உட்பட்டது, அவ்வளவுதான் பொருள். சாவைக் கொண்டுவருவதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. யாக்கோபு 3:8-இல் நாவின் விஷத்துக்கு 'தனட்டேஃபோரோஸ்'. மாற்கு 16:18-இல் குடிக்கிற நஞ்சுக்கு 'தனாசிமோஸ்'. நம் பழைய தமிழ் வேதாகமம் இம்மூன்றுக்குமே 'சாவுக்கேதுவான' என்று போட்டுவிட்டது. குழப்பம் முழுக்கத் தமிழில். பழி மட்டும் கிரேக்கத்தின் மேல்! ஆராதனை முடிந்ததும் போய்ச் சொன்னேன். "எனக்கு ஆவியானவர் வெளிப்படுத்தினார், தம்பி" என்றார். வெளிப்படுத்தட்டும். அப்புறம் கிரேக்கனை எதற்குச் சாட்சிக்கு இழுக்க வேண்டும்?

இன்னொரு கூட்டம், த்னேட்டோஸ் என்றால் 'ஏற்கெனவே செத்த' உடல் என்று சாதிக்கிறது. ரோமர் 8-ஐத் திறந்து பாருங்கள். 10-ஆம் வசனத்தில் சரீரம் 'நெக்ரோஸ்', மரித்தது. அடுத்த வசனத்திலேயே 'த்னேட்டோஸ்'. இரண்டும் ஒன்றென்றால் அந்த நிருபத்தை எழுதிய பவுல் ஏன் சொல்லை மாற்றினார்? '-டோஸ்' என்று முடிவதால் முடிந்துபோன செயல்தான் என்கிறார்கள். 'அகபேட்டோஸ்' நேசிக்கப்பட்டவன், சரி. கொலோசெயர் 1:16-இல் வரும் 'ஹொராட்டோஸ்'? காணக்கூடியது! எங்கே எந்தப் பொருள் என்பதைச் சொல்வழக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய ஏற்பாட்டில் 'த்னேட்டோஸ்' வருவதே ஆறு இடங்களில்; ஆறும் பவுலின் நிருபங்களில். ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து படிக்கவா முடியாது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்து மாறினால் 'இரகசியம்' கண்டுபிடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. 2 கொரிந்தியர் 4:11-இல் அந்தச் சொல் பெண்பாலில் வருகிறதாம். ஆகவே ஏவாளின் பாவத்தைச் சுட்டுகிறதாம்! அட, அங்கே மாம்சம் என்பதற்கு உள்ள 'சார்க்ஸ்' இலக்கணப்படி பெண்பால். கூட வரும் பெயரடையும் பெண்பாலாகத்தானே வரும்? 1 கொரிந்தியர் 15:53-இல் சரீரம் என்ற சொல்லே இல்லாமல், 'சாகக்கூடிய இது' என்று அஃறிணைபோலத் தனியே நிற்கிறது; அதனால் 'த்னேட்டோன்' ஆகிவிட்டது. நல்லவன், நல்லவள், நல்லது என்று நாள் முழுக்கப் பேசுகிறார்களே, அதில் எந்த இரகசியத்தைக் கண்டார்கள்?