அடா காது கேளாதவர் அல்லர்

1993இல் வெளிவந்த ஜேன் கேம்பியனின் ‘தி பியானோ’ படத்தின் நாயகி அடா பிறவியிலேயே காது கேளாத, பேச இயலாதவர் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. ஆறு வயதில் பேச்சை நிறுத்திவிட்டதாகவும், அதற்கான காரணம் தனக்கே தெரியாது என்றும் படத்தின் தொடக்கத்திலேயே அவருடைய மனக்குரல் சொல்கிறது. அவருக்குச் செவி நன்றாகவே கேட்கும். நியூசிலாந்துக் கடற்கரையில் விட்டுவரப்பட்ட பியானோவுக்காக அவர் தவிப்பதும், மேசையில் பியானோக் கட்டைகளைச் செதுக்கி, ஒலியே எழாத அந்தப் பலகையின் மேல் விரல்களை ஓடவிடுவதும் அதனால்தான் நெஞ்சை அறுக்கின்றன. அந்த மௌனத்தை உடற்குறையாக மட்டும் கொண்டால், 19ஆம் நூற்றாண்டில் முன்பின் அறியாத ஒருவருக்குத் தந்தையால் மணமுடித்து அனுப்பப்பட்ட பெண்ணின் பிடிவாதமும், அவர் அடக்கிவைத்த வேட்கையும் நம் கண்ணில் படாமலே போய்விடும். இசையமைப்பாளர் மைக்கேல் நைமனின் பியானோ இசையைப் படத்தில் வாசித்திருப்பவரும் அடாவாக நடித்த ஹாலி ஹன்டரேதான்.