கோயிலைத் தேடினால் கிடைக்காத சாட் ஆப்

"அண்ணா, ஒரு சாட் ஆப் பண்ணலாம்னு இருக்கோம். முழுக்க ஓப்பன் சோர்ஸ். நீங்க கொஞ்சம் வழி காட்டணும்" என்று போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். பொறியியல் கடைசி வருடம், நாலு பேர் கொண்ட குழு. 2025 செப்டம்பர் கடைசியில் அரட்டை ஆப் திடீரென்று ஆப் ஸ்டோரில் முதலிடத்துக்கு வந்ததே, அதற்கப்புறம் எனக்கு வரும் மூன்றாவது மெசேஜ் இது. அரட்டை ஜோஹோவின் தயாரிப்பு, ஓப்பன் சோர்ஸ் கிடையாது, அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கவோ மாற்றவோ முடியாது. "அதையே நாம ஓப்பன் சோர்ஸா பண்ணா என்ன?" மூன்று குழுவுக்கும் பொறி தட்டிய இடம் இதுதான்.

ஆர்வத்தைக் கெடுக்கக் கூடாது என்று முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். அப்புறம் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன். புதுசு வேண்டாம் தம்பி, இருப்பதில் கை வை. அவனுக்கு முகம் வாடிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன், ஒரு நாள் முழுக்கப் பதிலே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாக இங்கே.

புதிதாக ஒரு கால்குலேட்டர் எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. பிடித்தவர் வைத்துக்கொள்வார். சாட் ஆப் அப்படியில்லை. நான் மட்டும் இருக்கும் சாட் ஆப் வெறும் நோட்டுப் புத்தகம். என் அத்தை, பால்காரர், பையனின் டியூஷன் டீச்சர் எல்லோரும் அதில் இருந்தால்தான் அதற்கு உயிர். ஏற்கெனவே ஓப்பன் சோர்ஸ் சாட் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் அந்தக் கொஞ்சத்திலிருந்தே நாலு பேரை இழுக்கிறோம். வாட்ஸ்அப்பிலிருந்து ஒருவரும் வருவதில்லை.

வாட்ஸ்அப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2009-இல் அவர்கள் தொடங்கியபோது சர்வரைப் பூஜ்யத்திலிருந்து எழுதவில்லை. எக்ஸ்எம்பிபி என்ற சாட் நெறிமுறையில் (ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது விதிகள்) ஓடும் ஈஜாபர்டி என்ற ஓப்பன் சோர்ஸ் சர்வரை எடுத்துத் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். அந்த ஈஜாபர்டி 2002-இல் தொடங்கியது, இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம். உலகத்தின் மிகப் பெரிய சாட் ஆப்பே இருந்ததில் கை வைத்து வந்ததுதான். (திருப்பிப் பொதுவில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வேறு கதை, அதைப் பேசினால் இந்தப் பதிவு முடியாது.)

இன்னும் பழையது ஐஆர்சி என்ற சாட் நெறிமுறை. ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் 1988-இல் எழுதியது. 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற பெரிய ஐஆர்சி வலையமைப்பில் நிர்வாகத் தகராறு வந்து, அதை நடத்திய தன்னார்வலர்கள் மொத்தமாக வெளியேறி லிபெரா சாட்டைத் தொடங்கினார்கள். உபுண்டு, விக்கிமீடியா மாதிரிப் பெரிய திட்டங்களின் குழுக்கள் எல்லாம் சில வாரங்களுக்குள் அங்கே மாறிவிட்டன. பயன்படுத்துபவர் செய்ய வேண்டியிருந்தது என்ன? அதே ஆப்பில் சர்வர் முகவரியை மாற்றி, பெயரைத் திரும்பப் பதிவு செய்துகொள்வது. அவ்வளவுதான். முப்பது வருடப் பழைய நெறிமுறை என்று சிரிக்கிறோமே, வீடு இடிந்தபோது குடித்தனத்தை அப்படியே தூக்கிப் பக்கத்துத் தெருவில் வைக்க அதால்தான் முடிந்தது.

சரி, எல்லாம் பழசிலேயே இருக்கிறதா என்றால் இல்லை. நான் பட்ட ஒரு தொல்லையைச் சொல்கிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் எழுதியது. எங்கள் தெருக் கோயில் கமிட்டிக்கு அதில் குழு வைத்திருந்தோம். ஒருநாள் கணக்கு விவரம் தேவைப்பட்டு "கோயில்" என்று தேடினேன். ஒன்றுமே வரவில்லை. கண் முன்னால் "கோயில் கணக்கு" என்று மெசேஜ் நிற்கிறது, தேடினால் இல்லை என்கிறது.

அரை நாள் மண்டை காய்ந்த பிறகு புரிந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பக்கத்தில் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம். அல்லது இரட்டைக்கொம்பைத் தனியாக, துணைக்காலைத் தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. கமிட்டிச் செயலாளர் நோட்டீஸை டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து, அதை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஒட்டியிருந்தார். அதில் எல்லாக் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன. நான் கைபேசியில் அடித்தது சேர்ந்த ஓகாரம்.

இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி வைத்திருக்கிறது, இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர நார்மலைசேஷன் என்ற வழியும் கிட்டத்தட்ட எல்லாக் கணினி மொழியிலும் தயாராக இருக்கிறது. மெசேஜைச் சேமிக்கும்போது ஒருமுறை, தேடும்போது ஒருமுறை அதைக் கூப்பிட வேண்டும். நான் எழுதி அனுப்பிய திருத்தம் (பேட்ச்), அதைச் சோதிக்கும் டெஸ்ட்டோடு சேர்த்துப் பதினோரு வரி. அது ஆப்போடு சேர (மெர்ஜ் ஆக) ஏழு வாரம் ஆனது. முதல் மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை, எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் பார்த்தால் அந்த ஆப்பைப் பராமரிப்பதே ஒன்றரை ஆள், ஞாயிற்றுக்கிழமைகளில்.

அதே ஆப்பில் குழுப் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டுவார்கள். கோயில் குழுவுக்கு வெறும் "க" என்று வந்துகொண்டிருந்தது. அதை நான் திருத்தவில்லை. யாரோ ஒருவர் பெயரின் தொடக்கத்தில் வைத்த கொடி எமோஜி பாதியாக உடைந்து தெரிந்தது என்று புகார் வந்து, எழுத்துகளை உடைக்காமல் முழுசாகப் பிரித்தெடுக்கும் ஒரு மென்பொருள் நூலகத்தைச் சேர்த்தார்கள். அந்தத் திருத்தத்தில் எங்கள் "கோ"வும் தானாகச் சரியானது. நெல்லுக்கு இறைத்த நீர் என்பார்களே, அது.

தம்பி குழுவின் புது ஆப்பில் இதெல்லாம் முதல் நாளே சரியாக இருக்குமா? இருக்காது. அவர்களும் இதே குழியில் விழுந்து இதே பதினோரு வரியை எழுதுவார்கள், அது அவர்கள் ஆப்போடு நின்றுவிடும். அப்புறம் காசு. போன் நம்பர், ஓடிபி என்று திட்டத்தில் போட்டிருந்தான். பதிவு செய்யும்போது அனுப்பும் எஸ்எம்எஸ், அழைப்புகளுக்கு மட்டும் வருடத்துக்குச் சுமார் 60 லட்சம் டாலர் ஆகிறது என்று சிக்னல் சாட் ஆப்பை நடத்துபவர்கள் 2023-இல் கணக்கு வெளியிட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் பில்லையே தவணையில் கட்டும் பையன்கள் இவர்கள்.

இத்தனையும் சொன்ன நான் புதியதற்கே எதிரி இல்லை. 2014-இல் மேட்ரிக்ஸ் என்ற புது சாட் நெறிமுறை வந்தபோது, எக்ஸ்எம்பிபி இருக்கும்போது இது எதற்கு என்று திட்டியவன்தான். ஒரு குழுவின் முழு வரலாறும் பல சர்வர்களில் ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்ற கணக்கை அவர்கள் அடியிலிருந்து போட்டார்கள், அந்த அளவுக்கு என் திட்டு தப்பு. அதே வருடம் டேனியல் குல்ச் ஆண்ட்ராய்டுக்காக கான்வர்சேஷன்ஸ் ஆப்பை எழுதினார். ஆப் புதுசு, அடியில் ஓடும் எக்ஸ்எம்பிபி பழசு. ஏற்கெனவே இருந்தவர்களை யாரும் வீடு மாறச் சொல்லவில்லை. இந்த மாதிரிப் புதுசு எத்தனை வந்தாலும் எனக்குச் சம்மதம். போன் நம்பரில் ஆளைக் கண்டுபிடிக்க அதிலிருந்தே குவிக்ஸி என்ற ஆப் கிளைத்தது. குவிக்ஸியை எடுத்துக்கொண்டு நம் நாட்டில் கூட்டுறவு முறையில் நடத்தலாம் என்று பிராவ் கிளம்பியிருக்கிறது. பிராவ் என்றால் மலையாளத்தில் புறா.

பையன்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. "அண்ணா, ஏற்கெனவே இருக்கிற ஆப்ல ஒரு பக் ஃபிக்ஸ் பண்ணேன்னு வைவால சொன்னா மார்க் போடுவாங்களா?" என்று கடைசியில் கேட்டான். போட மாட்டார்கள். தலைப்பில் டிசைன், இம்ப்ளிமென்டேஷன் என்ற இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் கைடு கையெழுத்தே போட மாட்டார். எக்ஸ்எம்பிபி உலகம் இன்று சார்ந்திருக்கும் ஓமீமோ என்க்ரிப்ஷன் (அனுப்பியவரும் பெறுபவரும் மட்டும் படிக்க முடிகிற பூட்டு) பிறந்ததே ஒரு மாணவரின் கோடைக்கால ப்ராஜெக்டாகத்தான், 2015 கூகுள் சம்மர் ஆஃப் கோடில், கான்வர்சேஷன்ஸ் ஆப்புக்குள். பிறகு கஜிம், டைனோ என்று மற்ற எக்ஸ்எம்பிபி ஆப்களும் அதை எடுத்துக்கொண்டன. இதை கைடிடம் சொல்லிப் பார் என்றேன். சிரிக்கும் எமோஜி ஒன்று போட்டான்.

நேற்று இரவு மறுபடி வந்தான். "அண்ணா, தலைப்பு மாத்த முடியாது, ஆப் பண்ணித்தான் ஆகணும். ஆனா அந்தக் கோயில் பக் மாதிரி வேற ஏதாவது இருக்கா? சும்மா பாக்கறேன்."

ஸ்ரீ என்று தேடிப் பார் என்றேன். அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், அதிகம் யாரும் பார்த்திராத ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே ஸ்ரீதான். ஆனால் யூனிகோட் இவற்றைச் சமம் என்று சொல்லவில்லை, நார்மலைசேஷன் இங்கே வேலைக்கு ஆகாது.

பத்து நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. "அண்ணா, என் கான்டாக்ட்ல மூணு ஸ்ரீதர் இருக்காங்க. ரெண்டு பேர்தான் வர்றாங்க."