எத்தனை அப்பீல்தான் போடுவார்கள்?

நேற்றைய டிவி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "தண்டனை வாங்கினவன் சாகிறவரை மனுப் போட்டுக்கொண்டே இருக்கலாம்" என்றார் அங்கே பேசிய ஒரு அறிவாளி. கைதட்டல் வேறு.

எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு இருக்கிறது ஐயா. செஷன்ஸ் கோர்ட் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள். தூக்கு என்றால் 30. உயிர் போகிற வழக்குக்குப் பாதி நாள்! உச்ச நீதிமன்றத்துக்கு 90, தூக்குக்கு 60. அதே தீர்ப்பை மறுபடி பாருங்கள் என்று உச்ச நீதிமன்றத்திடமே கேட்கும் ரிவ்யூவுக்கு 30. அதுவும் தோற்றபின் கடைசியாகப் போடும் க்யூரேட்டிவ் மனுவுக்கு மூத்த வழக்கறிஞரின் சான்று வேணும். கோர்ட்டில் அவ்வளவுதான் கதவுகள்.

"தாமதத்தை மன்னிப்பார்களே" என்று கிளம்புவீர்கள். மன்னிப்பார்கள், எப்படி என்று கேளுங்கள். தீர்ப்பு நகல் இலவசம், சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே அப்பீல் அனுப்பலாம். சட்டத்தில் நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பவனுக்கு அதைச் சொல்ல ஆள் வேணுமே? வீட்டார் வக்கீல் ஃபீஸ் புரட்டுவதற்குள் 60 நாள் ஓடிவிடும். பிறகு தாமத மனு, காரணம் சொல்லும் அஃபிடவிட், அரசுத் தரப்புக்கு நோட்டீஸ். அது முடிகிறவரை அப்பீல் கோப்பில் ஏறாது, நம்பர் விழாது. நம்பர் விழாமல் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்க முடியாது. சின்னத் தண்டனை என்றால் அதற்குள் அனுபவித்தே முடித்திருப்பான்.

இன்னொன்று. "குற்றத்தை ஒத்துக்கோப்பா, சீக்கிரம் வெளியே வந்துடலாம்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒத்துக்கொண்டால், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் தவிர வேறு எதையும் அப்பீலில் கேட்க முடியாது.

பாதிக்கப்பட்டவர் கண்ணீர்? நியாயமான கேள்வி. விடுதலையை எதிர்த்து அவர்களும் அப்பீல் போக 2009 கடைசியிலிருந்து வழி உண்டு. நல்லது.

ஆனால் "இழுத்தடிக்கிறான்" என்கிறீர்களே, அதுதான் சுடுகிறது. ராஜீவ் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளனின் கருணை மனு குடியரசுத் தலைவருக்குப் போனது 2000-ல். நிராகரித்தது 2011-ல். பதினோரு வருடம் தூங்கியது மனுப் போட்டவரா? 2018-ல் தமிழக அமைச்சரவை அவர் விடுதலைக்குப் பரிந்துரைத்ததே, ஆளுநர் மேஜையில் அது கிடந்தது இரண்டு வருடத்துக்கும் மேல். நேற்று அங்கே ஒருத்தர் வாயிலாவது இது வந்ததா?

பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 472-ஆம் பிரிவைப் படியுங்கள். கடைசி மனுவும் தள்ளுபடி என்று கண்காணிப்பாளர் சொன்னதிலிருந்து கருணை மனுவுக்குத் தூக்குக் கைதிக்கு 30 நாள். ஆளுநர் மறுத்தால் குடியரசுத் தலைவருக்கு எழுத 60 நாள். ஆவணங்கள் வந்தபின் மத்திய அரசு பரிந்துரை சொல்லவும் 60 நாள் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிற குடியரசுத் தலைவருக்கு எத்தனை நாள்? அந்த இடத்தில் எண்ணே இல்லை.