பளபளப்புக்குக் கீழேயும் பாருங்கள்

பினாங்கின் பழைய கார் ஆர்வலர் சங்கம் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் வெளிப்பூச்சைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் அப்பாவின் பழைய மோரிஸ் மைனர் கார் இன்னும் ஓடுகிறது, 948 சிசி எஞ்சின். இந்தக் கடல் காற்றுக்குத் துரு அடியில்தான் பிடிக்கிறது. முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பிகளின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அரித்துவிட்டால் எவ்வளவு சாயம் அடித்தும் பயனில்லை. அப்புறம் மின்சாரம். இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேரும். ஒரு பட்டறையில் முனைகளை மாற்றி இணைத்துக் கொடுத்து, ரேடியோ கருகிப்போனது. அப்பா அன்று சாப்பிடவே இல்லை. சங்கத்துப் பெரியவர்கள் இதையெல்லாம் இளம் மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியோடு வர நான் தயார்.