இரண்டு காலும் உள்ளே வந்த பிறகு விசில் அடியுங்கள்

இன்றைக்கும் அதேதான் நடந்தது. காலை ஆறே முக்காலுக்கு நிறுத்தத்தில் நாலைந்து பெண்கள் நிற்கிறோம். தூரத்தில் பஸ் வருகிறது. முன்பக்கம் பிங்க் நிறம், பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி என்று கண் மங்கியவளுக்கும் தெரியும். கையை நீட்டுகிறோம். டிரைவர் எங்களைப் பார்க்கிறார், பார்த்தது எங்களுக்கும் தெரிகிறது. வேகம் குறைகிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை. நிழற்குடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, சைக்கிள் கடை வாசலில் போய் நிற்கிறது. அங்கே இறங்க வேண்டியவர்கள் இரண்டு பேர் குதித்தவுடன் விசில்.

நாங்கள் ஓட வேண்டும். எனக்கு ஐம்பத்தி நாலு வயது. எங்களில் மூத்தவர் டீச்சரக்கா, அறுபத்தி மூன்று. நாங்கள் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பையை இன்னொரு கையில் இறுக்கிக்கொண்டு, ஜல்லி கொட்டிய ரோட்டோரத்தில் ஓட வேண்டும். அதைப் படிக்கட்டில் நிற்கிற பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தினமும் இதே கதை. வயிறு எரிகிறது.

போன மாதம் இப்படி ஓடியதில்தான் மதினி விழுந்தார். ரத்த உறவு இல்லை, தெருவில் எல்லோருக்கும் அவர் மதினி. வயது ஐம்பத்தெட்டு. விடிவதற்கு முன்பே பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லி வாங்கி வந்து, கட்டி, எட்டு மணிக்குள் வீடு வீடாகக் கொடுப்பது அவர் பிழைப்பு. அன்றைக்கு மார்க்கெட் வாசல் நிறுத்தத்தில் நானும் கூட இருந்தேன், லைனிங் துணியும் ஃபால்ஸும் வாங்கப் போயிருந்தேன். பஸ் வழக்கம்போல முன்னால் போய் நின்றது. ஓடினோம். மதினி ஒரு காலைப் படியில் வைத்து கம்பியைப் பிடித்தார். இன்னொரு கால் தரையில் இருக்கும்போதே விசில், வண்டி இழுத்தது. வலது கையை ஊன்றி விழுந்தார். பை திறந்து பூ முழுக்கச் சிதறியது.

பஸ் பத்தடி போய் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டிச் சொன்னது இதுதான்: "பாத்து ஏறக் கூடாதாம்மா? வயசான காலத்துல எதுக்கு இப்படி ஓடியாறே?"

எதுக்கு ஓடி வருகிறோம் என்று எங்களிடமே கேட்கிறார்! அவ்வளவுதான், இரண்டு விசில், வண்டி போய்விட்டது. காலேஜ் போகிற ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்து பூவைப் பொறுக்கிப் பையில் போட்டது. மதினி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பூ மிதிபடுது, பூ மிதிபடுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கை முறிந்தது அவருக்கு அப்போது தெரியவில்லை.

மாவுக்கட்டு போட்ட டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுகிறது. அதற்கடுத்த சில வருடங்களில் எலும்பு வேகமாக வலுவிழக்கும். இருபது வயதில் கையை ஊன்றி விழுந்தால் சிராய்ப்போடு போய்விடும், இந்த வயதில் மணிக்கட்டு முறிகிறது. இப்படி வருகிற பெண்களைத் தான் அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார். மூட்டுத் தேய்மானமும் இந்த வயதுக்கு மேல் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். அந்த முட்டியை வைத்துக்கொண்டுதான் ஐயா நாங்கள் உங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறோம்! படியின் உயரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தாழ்தளப் பேருந்து என்று சென்னையில் சில வண்டிகள் ஓடுகின்றன. எங்கள் ஊருக்கு வருவது பழைய வண்டி. முதல் படியில் கால் வைக்க முட்டியை இடுப்பு வரைக்கும் தூக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தைத்தான் கேட்கிறோம். பத்து விநாடி.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பேச்சு. "ஓசி பஸ்னு ஏன் போறீங்க, ஆட்டோல போயிருக்கலாம்ல" என்கிறான் மதினியின் மகன். தினமும் மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போய்வர அந்தப் பூவில் என்ன லாபம் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாதா?

இந்த ஓசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. அந்தப் பயணத்துக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாகக் கொடுக்கிறது. டிரைவர் பாக்கெட்டிலிருந்தோ கண்டக்டர் பாக்கெட்டிலிருந்தோ யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது வரிப்பணம். தீப்பெட்டியிலிருந்து செருப்பு வரைக்கும் எதை வாங்கினாலும் நாங்களும்தான் வரி கட்டுகிறோம். இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொன்னது. 888 ரூபாய் என்றால் எங்களுக்கு என்ன தெரியுமா? பாய் வீட்டு அக்காவுக்கு அது மாமியாருடைய மாத்திரை. எனக்குக் கரண்ட் பில். மதினிக்குப் பேத்தியின் டியூஷன். ஆளுக்கொரு செலவு சொல்வோம், ஒருத்தியும் அதில் பட்டுச்சேலை எடுக்கவில்லை.

டிக்கெட் கொடுக்கும்போது எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கிழித்து நீட்டுகிற கை இருக்கிறதே, அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். காசு கொடுத்து ஏறுகிற ஆம்பளைக்கு "அண்ணே, உள்ள போங்கண்ணே". எங்களுக்கு "ஏய், உள்ள போம்மா, வழியிலயே நின்னுக்கிட்டு". அறுபத்தி மூன்று வயது டீச்சரக்காவைப் பார்த்து அவர் பேரன் வயதுக்குக் கொஞ்சம் கூடுதலான ஒருவர் "நீ" என்கிறார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாங்க, போங்க என்று மரியாதை சொல்லிக்கொடுத்த மனுஷி. அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். எல்லாக் கண்டக்டரும் இப்படி இல்லை. சாயங்கால வண்டியில் வருகிற ஒருவர், கடைசி ஆள் ஏறி உட்காரும் வரைக்கும் விசிலை வாயில் வைக்கமாட்டார், "மெதுவா வாங்கம்மா, வண்டி எங்கேயும் போகாது" என்பார். அவர் ஒருவரால் முடிகிறதே, மற்றவர்களால் ஏன் முடியாது? வசூல், டிரிப் டைம், கூட்டம் என்று அவர்களுக்கும் ஆயிரம் நெருக்கடி இருக்கும், எனக்குப் புரிகிறது. அந்த நெருக்கடியை எங்கள் எலும்பின் மீது இறக்கி வைக்காதீர்கள்.

ஒருநாள் டீச்சரக்கா நிறுத்தத்தில் ஏன் நிற்கவில்லை என்று நேராகவே கேட்டார். அதற்கு வந்த பதில்: "ஆபீஸ் நேரத்துல ஏன்மா வர்றீங்க? மத்தியானம் சும்மாதானே இருப்பீங்க, அப்ப வர்றது."

சும்மா! பூ மார்க்கெட் மத்தியானத்திலா நடக்கிறது? சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கப் போகிற அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு மத்தியானத்திலா கொடுக்கிறார்கள்? அங்கே எட்டு மணிக்கு வரிசையில் நின்றால்தான் பதினொரு மணிக்காவது வெளியே வர முடியும், வந்து சோறு வடிக்க முடியும். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 88 நிமிடம். இது வீட்டுவேலை செய்கிறவர்களுடைய சராசரி மட்டும். பேரப்பிள்ளையைப் பார்ப்பது, படுத்திருக்கும் மாமனாரைத் திருப்பிப் படுக்கவைப்பதெல்லாம் தனிக் கணக்கு. ஐம்பது வயதானால் பொறுப்பு குறையும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்குத் தெரிந்து மேலே ஒரு தலைமுறை, கீழே இரண்டு தலைமுறை என்று மூன்று பக்கமும் இழுக்கிறது.

ரயிலிலும் இப்படித்தான். ஐம்பத்தெட்டு வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று ஒரு சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பி வரவில்லை. நாங்கள் ஐந்து பேரும் ராமேஸ்வரம் போகலாம் என்று எத்தனையோ தடவை பேசியாயிற்று. அதை விடுங்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

மதினிக்குக் கை முறிந்த பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆறு வாரம் கட்டு என்றார் டாக்டர். வலது கை. ஒரு கையால் சேலை கட்டிப் பாருங்கள், தெரியும். ஒரு கையால் தலை பின்ன முடியாது, கோலம் போட முடியாது, சோற்றுப் பானையை இறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பூக் கட்ட முடியாது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து, வாழைநாரைச் சுற்றி இழுக்க இரண்டு கையும் வேண்டும். வாடிக்கை வீடுகள் ஒரு வாரம் பொறுப்பார்கள், ஆறு வாரம் பொறுக்கமாட்டார்கள். வேறு பூக்காரி வந்துவிடுவாள். மதினி அழுதது வலிக்காக இல்லை, அதற்காக.

யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. மறுநாள் விடிகாலையில் பாய் வீட்டு அக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்துவிட்டார். ஆறு மணிக்கு மதினி வீட்டுத் திண்ணையில் ஈரத்துணியை விரித்து நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். எனக்கு ஊசி நூல் பழக்கம், கை சீக்கிரம் வசப்பட்டது. டீச்சரக்காவுக்குப் பூக் கட்டவே தெரியாது. முதல் நாள் அவர் கட்டிய முழத்தைத் தூக்கினால் பூ கொட்டியது. மதினி இடது கையால் அவர் விரலைப் பிடித்து, "இழுக்காதீங்க டீச்சர், சுத்தி அமுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தார். நாலாம் நாள் டீச்சரக்கா நாலு முழம் கட்டினார். பால் பூத்துக்காரம்மா வேலையை முடித்துவிட்டு வந்து மதினிக்குத் தலை பின்னிச் சேலை கட்டிவிடுவார். மதியத்துக்கு ரசமும் துவையலும் யார் வீட்டிலிருந்தாவது வந்துவிடும். இன்றோடு இருபத்தி ஆறு நாள், ஒரு வாடிக்கை வீடுகூடப் போகவில்லை.

எங்களுக்கு இதற்கு நேரம் கொட்டிக் கிடக்கிறதா? இல்லை. எனக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட் பதினோரு உருப்படி மேஜையில் கிடக்கிறது. பாய் வீட்டு அக்கா வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது. ஒருத்திக்கு ஒருத்தி தாங்காவிட்டால் விழுந்தவள் விழுந்தபடியே கிடப்பாள் என்று தெரிந்துதான் செய்கிறோம். எனக்கு அதுதான் ஆத்திரம். ஒரு ஆள் பத்து விநாடி பொறுக்காததற்கு, ஐந்து குடும்பத்துப் பெண்கள் ஆறு வாரம் தூக்கத்தைக் கெடுத்து ஈடுகட்டுகிறோம். அந்த விசிலை அடித்தவருக்கு இது தெரியவே தெரியாது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே வண்டியில் வந்திருப்பார்.

இப்போது ஏறுவதற்கே நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். எங்களில் வேகமாக நடக்கிறவள் பால் பூத்துக்காரம்மா. அவர் நிறுத்தத்தைத் தாண்டி சைக்கிள் கடை வாசலிலேயே முன்கூட்டி நிற்பார். பஸ் நின்றதும் படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டார். என்ன கத்தினாலும் சரி, பின்னால் வருகிற கடைசி ஆள் ஏறும் வரைக்கும் அந்தக் காலை எடுக்கமாட்டார். திட்டு வாங்குவது அவர், ஏறுவது நாங்கள். ஐம்பத்தாறு வயது பெண்ணொருத்தி, மற்றவர்கள் பத்திரமாக ஏறுவதற்காகத் தன் காலைக் கொடுத்து ஒரு பஸ்ஸை நிறுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்தம் என்று போர்டு வைத்த இடத்தில் பஸ் நின்றால் இது எதற்கு?

மனு எழுதியிருக்கிறோம். டீச்சரக்காவின் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒன்றரைப் பக்கம். பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும், இரண்டு காலும் உள்ளே வந்த பிறகு விசில் அடிக்க வேண்டும், "நீ" என்று பேசக் கூடாது. மூன்றே கோரிக்கை. எத்தனாம் தேதி, எத்தனை மணி, எந்த வண்டி என்று பதினெட்டு நாள் குறித்து வைத்ததையும் சேர்த்திருக்கிறோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள், ஐந்து பேரும் போகிறோம். நேற்று ராத்திரி திண்ணையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டோம். மதினி மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ரேகை வைத்தால் போதும் என்றேன்.

"எனக்கு எழுதத் தெரியும்ல, எதுக்கு ரேகை?" என்றார். ஐந்து நிமிடம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம்.