ஜோகூர் அணி 2013இல் பட்டம் வெல்லவில்லை
மலேசியக் கால்பந்துக் குழுவான ஜோகூர் டாருல் தக்சிம் 2013இல் பணபலத்தால் புதிதாக உருவாக்கப்பட்டு, அவ்வாண்டே மலேசிய சூப்பர் லீக் பட்டத்தையும் கைப்பற்றியதாக ஒருவர் எழுதியிருப்பது இரு வகையிலும் தவறு.

அக்குழு 1972இல் ஜோகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் அணியாகத் தொடங்கியது. 2013இல் புதிதாக வந்தது பெயர்தான், குழு அன்று. அவ்வாண்டின் லீக் பட்டத்தை வென்றதோ, மலேசிய லீக்கில் ஆடிய நம் சிங்கப்பூரின் லயன்ஸ் 12 அணி. ஜாலான் புசார் அரங்கில் அது உறுதியான இரவைச் சிங்கப்பூரர்களே மறந்துவிட்டது எனக்குச் சற்று வருத்தமே.

ஸ்பெயினின் 2008 ஐரோப்பியக் கிண்ண அணியில் ஆடிய டேனி குயிசாவை 2013இல் வரவழைத்தும், மலேசிய எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் ஜோகூர் கிளந்தான் அணியிடம் 0-1 எனத் தோற்றது. முதல் லீக் பட்டம் 2014இல்தான் கிடைத்தது. 2015இல் துஷான்பேயில் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் குழுவை 1-0 என வென்று, ஆசியக் குழுக்களுக்கான ஏஎஃப்சி கிண்ணத்தைப் பெற்ற முதல் தென்கிழக்காசியக் குழுவானது. பணத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரங்களை வாங்கிய முதல் ஆண்டில் அது பட்டமாக மாறவில்லை என்பதே பதிவில் உள்ளது.